க்லூம் மேட்டைக் கோட்டை விட்டது யார்? பெனடெக்கை முட்டாள் என்பவர்களுக்கு

வரைபடப்பிரியன்:
1866-ல் ஆஸ்திரியா ப்ரஷ்யாவிடம் தோற்ற போர் பற்றிய இழையில் கறார்பேர்வழி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை. அவர் எழுதியது இது: "பெனடெக் க்லூம் மேட்டில் காவல் போடத் தெரியாத முட்டாள். அந்த ஆளுக்கு அந்தப் பதவியே அதிகம்." நாற்பது வருடத்துக்கும் மேல் படையில் இருந்த ஒருவரை இரண்டே வரியில் முடித்துவிட்டார்.

அந்தப் போரில் ஆஸ்திரியாவின் வடக்குப் படைக்குத் தளபதியாக இருந்த லுட்விக் ஃபான் பெனடெக் 1804-ல் ஹங்கேரியின் ஓடன்பர்க்கில், அதாவது இன்றைய ஷோப்ரோனில், ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். புராட்டஸ்டண்ட் குடும்பம். கத்தோலிக்கப் பிரபுக்கள் கோலோச்சிய ஆஸ்திரியப் படையில் இப்படிப்பட்ட பையன் மேலே வருவது லேசில்லை. வீனர் நொய்ஷ்டாட் ராணுவக் கல்லூரியில் படித்து 1822-ல் படையில் சேர்ந்தார். 1848-ல் இத்தாலியின் குர்த்தத்தோனேயில் தன் ரெஜிமெண்டுக்கு முன்னால் நின்று சண்டை போட்டு மரியா தெரேசா விருது வாங்கினார். அடுத்த மார்ச்சில் மோர்த்தாரா. இருட்டுகிற நேரத்தில் தன் ஆட்களோடு ஊருக்குள்ளேயே புகுந்து எதிரிகளைக் கூட்டமாகச் சரணடைய வைத்தார். பிறகு இத்தாலியில் ஆஸ்திரியப் படையின் தளபதியாக இருந்த ராடெட்ஸ்கியின் தலைமைப் பணி அதிகாரி. 1859-ல் பிரான்ஸும் வட இத்தாலி அரசான பீட்மாண்டும் சேர்ந்து ஆஸ்திரியாவைத் தோற்கடித்த சோல்ஃபெரினோ நாளில் மற்றப் படையணிகள் உடைந்தபோது சான் மார்த்தினோவில் பீட்மாண்ட் படையை மாலை வரை மேட்டில் ஏறவிடாமல் தடுத்த 8-வது படையணி இவருடையது.

இவருக்கா ஒரு மேட்டில் காவல் போடத் தெரியாது? போஹீமியாவில் ஜூலை 3-ல் நடந்த கோனிக்ராட்ஸ் சண்டை அன்று ஆஸ்திரிய வரிசையின் நடுவில் இருந்த க்லூம் மேடு திறந்து கிடந்ததற்குக் காரணம், அதைக் காக்க அனுப்பப்பட்ட 4-வது படையணி தன் இடத்தை விட்டு முன்னால் போனது. உத்தரவை மீறியது அதன் துணைத் தளபதி மொலினாரி. பழி மட்டும் பெனடெக்குக்கு.

கறார்பேர்வழி:
வாழ்க்கைக் குறிப்பு யாரும் கேட்கவில்லை நண்பரே. ரெஜிமெண்ட் நடத்துவது வேறு, இரண்டு லட்சம் பேரை நடத்துவது வேறு. என் கேள்வி ஒன்றுதான். ஜூலை 3, மதியம் மூன்று மணி வாக்கில் ப்ரஷ்யாவின் முதல் காவல் டிவிஷன் (அரசரின் கார்டு படை) க்லூம் ஊருக்குள் நிற்கிறது. ஆஸ்திரியத் தளபதி லீப்பா பக்கம், கூப்பிடு தூரத்தில் குதிரை மேல் இருக்கிறார். தன் வரிசையின் நட்டநடுவில் எதிரி வந்து உட்கார்ந்தது அவருக்குத் தெரியாது. ஒரு அதிகாரி வந்து சொல்கிறார். உளறாதே என்று கடிந்துகொள்கிறார். அப்புறம் தானே போய்ப் பார்க்கிறார். ஊருக்குள்ளிருந்து சரமாரியாகக் குண்டு வருகிறது, கூட வந்தவர்கள் குதிரையிலிருந்து விழுகிறார்கள். பின்பக்கமும் பக்கவாட்டும் போனது தளபதிக்கு இப்படித்தான் தெரிய வருகிறது.

க்லூமில் ஏன் ஆள் இல்லை? பதில் சொல்லுங்கள், போதும்.

வரைபடப்பிரியன்:
முதலில், ஆள் இல்லை என்பதே தப்பு. க்லூமில் அப்பியானோவின் பிரிகேட் இருந்தது. பீரங்கிக் குண்டுக்கு ஒதுங்கி அதன் பெரும்பகுதி சரிவுக்குப் பின்னால் போயிருந்தது, ஊருக்குள் மிச்சம் இருந்தது கொஞ்சம் பேர். வடக்கே 4-வது, 2-வது படையணிகள் நிற்கின்றன என்ற நம்பிக்கையில் செய்த ஏற்பாடு அது.

வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள். பெனடெக் போட்ட வரிசை மேற்கு பார்த்த நேர்கோடு இல்லை. க்லூமில் திரும்பி, நெடெலிஷ்ட் வழியாக எல்ப ஆற்றை நோக்கிப் பின்னுக்கு வளைகிறது. அந்த வளைவு எதற்கு? வடக்கிலிருந்து ப்ரஷ்யப் பட்டத்து இளவரசரின் இரண்டாம் படை வந்தால் தடுக்க. க்லூமுக்கும் நெடெலிஷ்டுக்கும் நடுவே பீரங்கிக்கு மண்திட்டும் போட்டு வைத்திருந்தார்கள். வடக்கை மறந்த ஆள் வடக்குப் பார்த்து மண்திட்டு போடுவாரா?

காலையில் என்ன நடந்தது? 4-வது படையணி அந்த வளைவில் போய் நிற்காமல் முன்னால் மஸ்லோவெட் மேட்டுக்குப் போகிறது. அங்கிருந்து ஸ்வீப் காட்டில் ப்ரஷ்யாவின் ஃப்ரான்செக்கி டிவிஷன் தெரிகிறது. தாக்குகிறார்கள். தளபதி ஃபெஸ்டெடிச் காலில் குண்டு பட்டு விழ, பொறுப்பு மொலினாரி கைக்கு வருகிறது. நிறுத்தினாரா? பட்டாலியன் மேல் பட்டாலியனாகக் காட்டுக்குள் தள்ளுகிறார். பக்கத்தில் 2-வது படையணியின் தளபதி தூனும் சேர்ந்துகொள்கிறார். மதியத்துக்குள் வடக்கைக் காக்க வேண்டிய இரண்டு படையணிகளின் பெரும்பகுதி மேற்குப் பார்த்து ஒரு காட்டுக்குள் நொறுங்கிக் கிடக்கிறது. எல்லாம் உத்தரவு இல்லாமல் நடந்தது.

பழைய சிப்பாய்:
நான் இருபது வருடத்துக்கும் மேல் காலாட்படையில் இருந்தவன். ஒரு விஷயம் சொல்கிறேன். கீழே இருப்பவன் இடத்தை விட்டுப் போனால் மேலே இருப்பவனுக்கு எவ்வளவு நேரத்தில் தெரிய வேண்டும்? சண்டை ஏழரை எட்டு மணிக்கே தொடங்கிவிட்டது. பெனடெக் நின்ற மேட்டிலிருந்து ஸ்வீப் காடு ரொம்பத் தூரமில்லை. மழை, மூட்டம், புகை எல்லாம் சரி. ஆனால் சத்தம் கேட்குமே. இத்தனை நேரம் காதில் விழுந்தும் அவர் என்ன செய்தார்?

வரைபடப்பிரியன்:
திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்பினார் ஐயா. மொலினாரி வரவில்லை. நேரிலேயே வந்து வாதாடினார். ப்ரஷ்ய இடது பக்கம் உடையப்போகிறது, இன்னும் தள்ளினால் சுருட்டிவிடலாம் என்றார். தளபதி முடியாது, பழைய இடத்துக்குப் போ என்றார். அந்த நேரத்தில்தான் யோசெஃப்ஷ்டாட் கோட்டையிலிருந்து தந்தி வருகிறது, இளவரசரின் படை நெருங்குகிறது என்று. அடிபட்டு, களைத்து, பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு திரும்பி நடக்கும்போதுதான் ப்ரஷ்யக் காவல்படை மேலே விழுந்தது. காலையிலேயே வளைவில் நின்றிருந்தால் அந்தக் காவல்படை வெட்டவெளியில் ஏறி வந்து பீரங்கிக்கு இரையாகியிருக்கும். மொலினாரி உத்தரவை மீறினார். இதை யாராவது மறுக்க முடியுமா?

கறார்பேர்வழி:
மறுக்கிறேன். உத்தரவு எப்போது வந்தது? ஜூலை 2 ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எழுதி, படையணிகளின் கையில் கிடைத்தது விடிகிற நேரத்தில். அதில் முக்கால்வாசி எந்தப் படையணி எங்கே நிற்க வேண்டும் என்ற பட்டியல். ஏன் நிற்க வேண்டும், வடக்கிலிருந்து இளவரசர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி உண்டா? பின்வாங்கும் வழியைப் பற்றி மட்டும் எழுதத் தெரிந்தது. அதிலும் விவரம் நாளைக்கு என்று தள்ளிப்போட்டார்.

நெடெலிஷ்ட் பக்கம் பள்ளம். மஸ்லோவெட் மேடு அதைப் பார்த்தபடி நிற்கிறது. அந்த மேட்டை எதிரிக்கு விட்டுவிட்டுப் பள்ளத்தில் நில் என்றால் எந்தக் கட்டளை அதிகாரியும் கேள்வி கேட்பான். முந்தின நாளே அந்த மேட்டைப் பார்த்திருக்க வேண்டியது யார்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். க்லூமில் ஏன் ஆள் இல்லை?

வரைபடப்பிரியன்:
மறுபடியும் அதே கேள்வி. அப்பியானோ பெயரை மேலே எழுதியிருக்கிறேன், கண்ணில் படவில்லையா? போன மாதம் சோல்ஃபெரினோ இழையிலும் இப்படித்தான். சான் மார்த்தினோவில் பெனடெக் சும்மா நின்றார், பீட்மாண்ட்காரர்களுக்குத்தான் ஏறத் தெரியவில்லை என்று எழுதினீர்கள். நான்கு பேர் ஆதாரத்தோடு பதில் போட்டார்கள். ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. இப்போது இங்கே வந்து கேள்வி கேட்கிறீர்கள்.

ஊசித்துப்பாக்கி:
இரண்டு பேரும் ஒரு மேட்டுக்காக மல்லுக்கு நிற்கிறீர்கள். போரைத் தீர்த்தது ட்ரைசே ஊசித் துப்பாக்கி. ப்ரஷ்யன் படுத்தபடியே நிமிடத்துக்கு நாலைந்து முறை சுடுவான். ஆஸ்திரியனின் லோரன்ஸ் துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியாகப் போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும், அதுவும் எழுந்து நின்று. ஒன்றிரண்டு முறை சுடுவதற்குள் ஆள் காலி. இந்த லட்சணத்தில், சுடாதே, கூட்டமாக ஓடிப்போய் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்து என்று பயிற்சி.

ஜூன் 27 டிராட்டனாவைப் பாருங்கள். ஆஸ்திரியா ஜெயித்த சண்டை. கப்லென்ஸ் ப்ரஷ்யர்களைத் துரத்திவிட்டார். ஜெயித்த பக்கத்தின் இழப்பு சுமார் 4,800, தோற்ற பக்கத்துக்கு சுமார் 1,300. வெற்றிக்கே இந்த விலை என்றால் க்லூமில் யார் நின்றிருந்தால் என்ன?

பழைய சிப்பாய்:
தம்பி, அப்படியானால் ஆஸ்திரியப் பீரங்கி? அவர்களுடைய பீரங்கிகள் எல்லாம் வரிக்குழல், அதாவது குழலுக்குள் சுழல்வரி வெட்டியவை, குறி தப்பாது. காலை முழுவதும் பிஸ்ட்ரிட்ஸ் ஓடைக்கு இந்தப் பக்கம் ப்ரஷ்யன் தலை தூக்க முடியவில்லை. க்லூம் பக்கத்தில் கேப்டன் ஃபான் டெர் க்ரோபன் பேட்டரி கதை தெரியுமா? ப்ரஷ்யக் காலாட்படை கண்ணெதிரே வந்த பிறகும் பீரங்கியைத் திருப்பிச் சுட்டார்கள், ஓடவில்லை. கேப்டனும் போய்ச் சேர்ந்தார், ஆட்களில் பெரும்பாலோரும், குதிரைகளும். இறந்தோர் பேட்டரி என்று அங்கே நினைவுச்சின்னம் நிற்கிறது. ஆயுதத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் இதையும் கணக்கில் எடுங்கள்.

ஊசித்துப்பாக்கி:
நான் வீரத்தைப் பற்றிப் பேசவில்லையே. துப்பாக்கியைப் பற்றிப் பேசினேன்.

காலீசியா வாசகி:
பெனடெக்கின் மூன்று சண்டைகளைச் சொன்னவர் ஒன்றை மட்டும் நைசாகத் தாண்டிப் போனார். 1846 பிப்ரவரி, ஆஸ்திரியாவின் கையில் இருந்த போலந்துப் பகுதியான காலீசியா, அங்கே க்டூவ் என்ற ஊர். போலந்து விடுதலைக்குக் கிளம்பிய கிளர்ச்சியாளர்களை அடக்கியவர் இதே பெனடெக். கூட இருந்தது யார்? அரிவாளும் கதிரடிக்கும் கோலும் ஏந்திய குடியானவர்கள். அதே நாட்களில் அந்தப் பகுதி முழுக்கக் குடியானவர்கள் பண்ணை வீடுகளில் புகுந்து குடும்பம் குடும்பமாக வெட்டினார்கள். இதற்காக அவருக்கு லியோபோல்ட் விருது. மூன்று வருடம் கழித்து 1849-ல் சொந்த ஹங்கேரி எழுந்தபோது அதையும் அடக்கப் போனார். இந்த மனிதர் அநியாயமாகப் பழி சுமந்தார் என்று கண்ணீர் விட என்னால் முடியாது.

வரைபடப்பிரியன்:
அம்மா, காலீசியா விவசாயிகளின் கோபத்துக்குக் காரணம் பண்ணையடிமை முறை. அவர்களைக் கொதிக்க வைத்தது பெனடெக் இல்லை. அவருக்குக் கிளர்ச்சியை அடக்கு என்று உத்தரவு, அடக்கினார். ஹங்கேரியும் அப்படித்தான், அவர் சத்தியம் செய்தது பேரரசருக்கு. இதைப் பேச வேண்டுமானால் வேறு இழை திறங்கள், நானும் வருகிறேன். இங்கே கேள்வி 4-வது படையணி.

காலீசியா வாசகி:
அப்படியா? மொலினாரி உத்தரவை மீறினால் குற்றம், பெனடெக் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தால் எதுவுமே குற்றமில்லை. உங்கள் தராசில் ஒரே தட்டுதான் இருக்கிறது. வாழ்க்கைக் கதையை முதல் பதிவிலேயே கொண்டு வந்தது நீங்கள், நான் இல்லை.

கறார்பேர்வழி:
சகோதரி சொல்வது சரி. ஜூலை 1-ல் பேரரசருக்கு அவரே அனுப்பிய தந்தியையும் இவர் மறைக்கிறார். எந்த விலை கொடுத்தாவது சமாதானம் செய்யுங்கள், படைக்குப் பேரழிவு தவிர்க்க முடியாதது என்று கெஞ்சினார். பெரிய சண்டைக்கு இரண்டு நாள் முன்னால்! தளபதியே தோற்றுவிட்டேன் என்று எழுதிய பிறகு சிப்பாய் எப்படி ஜெயிப்பான்? அப்படி நினைத்தவர் எல்ப ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

வரைபடப்பிரியன்:
தந்தியைப் பாதி மட்டும் சொன்னால் எப்படி? பதில் என்ன வந்தது? சமாதானம் முடியாது, பின்வாங்க வேண்டுமென்றால் வாங்கு என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி: சண்டை ஏதாவது நடந்ததா? அதைச் சேர்த்தது பேரரசரின் துணைத்தளபதி க்ரென்வில். நாகோட், ஸ்காலிட்ஸ், கிட்ஷின் என்று ஒரே வாரத்தில் அடி வாங்கி ரத்தம் சொட்டும் படையைப் பார்த்து, சண்டை நடந்ததா என்று வியன்னா கேட்கிறது. இதைப் படித்த தளபதி ஆற்றைத் தாண்டிப் போய்விட முடியுமா? சண்டை போடாமல் திரும்பாதே என்றுதான் அதற்கு அர்த்தம். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இன்னொன்று. அவர் இந்த வேலையைக் கேட்டு வாங்கவில்லை. வடக்கு இத்தாலியில் மின்சியோ, அடிஜே கரைகளில் வருடக்கணக்காக இருந்து, ஒவ்வொரு வரப்பும் தெரிந்த ஆள். போஹீமியா எனக்குத் தெரியாது, அங்கே நான் உதவ மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். விடவில்லை. இத்தாலியைப் பேரரசரின் உறவினரான ஆல்பிரெக்ட் இளவரசருக்குக் கொடுத்தார்கள், கூடவே யோன் என்ற கெட்டிக்கார அதிகாரியையும். ஜூன் 24-ல் கஸ்டோசாவில் ஜெயம், கழுத்தில் மாலை. இத்தாலியில் ஆஸ்திரியா கையில் இருந்த வெனீஷியாவை எப்படியும் விட்டுக்கொடுப்பதாக ஜூன் 12-லேயே பிரான்ஸின் மூன்றாம் நெப்போலியனோடு ஒப்பந்தம் போட்டாயிற்று, அப்புறம் எதற்கு அங்கே ஜெயம்? பெனடெக்குக்குப் பணி அதிகாரிகளாகக் கிடைத்தது ஹெனிக்ஸ்டைனும் க்ரிஸ்மானிச்சும்.

பழைய சிப்பாய்:
அதுதான் என் கட்சியும். தெரியாது என்று தெரிந்தும் ஏன் ஏற்றுக்கொண்டார்? ராஜினாமா என்று ஒன்று இருக்கிறதே. பேரரசர் கேட்டார், மறுக்க முடியவில்லை என்பது நல்ல மனதுக்கு அடையாளம். அந்த நல்ல மனதுக்கு ஒரே நாளில் சுமார் 44,000 பேர் செத்தும் காயப்பட்டும் பிடிபட்டும் போனார்கள். ப்ரஷ்யனுக்குச் சுமார் 9,000. ஓடி வந்த நம் ஆட்கள், நம் ஆட்கள் என்று எழுதிவிட்டேன், மன்னிக்கவும், எந்தப் படையாக இருந்தாலும் சிப்பாய் சிப்பாய்தான். அவர்கள் கோனிக்ராட்ஸ் கோட்டைக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கிறது. கோட்டையைச் சுற்றி நிலத்தில் தண்ணீர் திறந்து விட்டிருக்கிறார்கள். பின்னால் ப்ரஷ்யன். எத்தனை பேர் அந்தத் தண்ணீரில் மிதிபட்டு மூழ்கினார்கள்! பின்வாங்கும் வழியைப் பற்றிக் கோட்டைக்காரனோடு முதல் நாளே பேசி வைப்பது தளபதியின் வேலையா, மொலினாரியின் வேலையா?

வரைபடப்பிரியன்:
கோட்டையைத் தொடாமல் போகும்படி அவர் உத்தரவிலேயே இருக்கிறது ஐயா. மதியத்துக்கு மேல் அந்த ஒழுங்கு உடைந்ததற்குக் காரணம் க்லூம். க்லூம் போனதற்குக் காரணம் வளைவு காலியானது. வளைவு காலியானதற்குக் காரணம் மொலினாரி. எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் நிற்கும்.

கறார்பேர்வழி:
எங்கே தொடங்கினாலும் நீங்கள் போய் நிற்பது மொலினாரி மேல். அவரும் பிற்காலத்தில் தன் பக்கத்தை எழுதி வைத்தார், அதைப் படித்தீர்களா? காலையில் அந்தக் காட்டுப் பக்கம் ஜெயித்துக்கொண்டிருந்தது ஆஸ்திரியா. ஃப்ரான்செக்கி கிட்டத்தட்ட அழியும் நிலை. அந்த நேரத்தில் பெனடெக் தன் ரிசர்வை, இரண்டு முழுப் படையணிகளையும் குதிரைப்படையையும், ஒரே அடியாக இறக்கியிருந்தால்? கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கீழே உள்ளவர் துணிந்தார், மேலே உள்ளவர் துணியவில்லை. இதுதான் நடந்தது.

வரைபடப்பிரியன்:
ரிசர்வை இறக்கியிருந்தால் மதியம் இளவரசர் வந்தபோது மிச்சம் எது? க்லூமைத் திரும்பப் பிடிக்க ராம்மிங்கின் 6-வது படையணி எதைக் கொண்டு ஏறியிருக்கும்? ராம்மிங் ஆட்கள் பக்கத்து ஊரான ரோஸ்பெரிட்ஸை மீட்டு க்லூம் ஓரம் வரை போனார்கள். ப்ரஷ்யக் காவல் டிவிஷனின் தளபதி ஹில்லர் அங்கேதான் செத்தார். வைத்திருந்த ரிசர்வால்தான் படை முழுதாகச் சிக்காமல் ஆற்றைத் தாண்டியது.

ஊசித்துப்பாக்கி:
ராம்மிங் ஏறினார், ஊசித் துப்பாக்கி இறக்கியது. நான் சொன்னதுதான்.

காலீசியா வாசகி:
இவர் மீது வழக்கு நடந்ததே, அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? குற்றமில்லாதவர் என்றால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. சாகும் வரை ஒரு வார்த்தை எழுதவில்லை. மௌனம் எதற்கு அறிகுறி என்று எல்லோருக்கும் தெரியும்.

வரைபடப்பிரியன்:
இந்த ஒரு வரிக்காகவே நான் இன்றைக்கு ராத்திரி தூங்கமாட்டேன். விசாரணையை வீனர் நொய்ஷ்டாட்டில் தொடங்கினார்கள், அவர் படித்த அதே ஊரில். பேரரசர் அதை நிறுத்தினார். ஏன்? விசாரணை நடந்தால் வியன்னாவில் உட்கார்ந்து கட்டளை போட்டவர்களின் பெயரும் வெளியே வரும். 1866 நவம்பரில் ஆல்பிரெக்ட் இளவரசர், பெனடெக் குடியிருந்த கிராட்ஸுக்கே போய் பெனடெக்கைப் பார்க்கிறார். இனி உன் தரப்பைப் பற்றி எதையும் வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கொடு என்று கேட்கிறார். கொடுத்தார். மூன்று வாரத்துக்குள், டிசம்பர் 8-ல், அரசின் சொந்த நாளேடான வீனர் ட்ஸைடுங்கில் கட்டுரை வருகிறது. உயர்ந்த அறிவுத்திறன் இல்லாததைத் தண்டிக்கச் சட்டத்தில் பிரிவு இல்லை என்ற தோரணையில் முழுப் பழியையும் அவர் தலையில் கட்டியது. வாயைக் கட்டிவிட்டு அடித்தார்கள்.

அப்புறமும் அவர் கொடுத்த வாக்கை மீறவில்லை. காகிதங்களைக் கொளுத்தினார். 1881 ஏப்ரலில் கிராட்ஸில் சாகும்போது ராணுவ மரியாதை வேண்டாம், சீருடை போட்டுப் புதைக்கவும் வேண்டாம் என்று உயிலில் எழுதி வைத்தார். ஆறு வயதில்லை அவருக்கு, கோபித்துக்கொண்டு சொல்ல. அந்தச் சீருடையில் நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர். இந்த மௌனத்தைக் குற்ற ஒப்புதல் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

காலீசியா வாசகி:
க்டூவில் செத்தவர்களுக்கு உயில் எழுத நேரமே கிடைக்கவில்லை. என் மனதைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம்.

பழைய சிப்பாய்:
வாக்குக் கொடுத்துக் காப்பாற்றியதற்கு என் சல்யூட். ஆனால் தளபதி என்ற முறையில் அவர் செய்தது சரியாகிவிடாது. நல்ல மனிதர், தவறான நாற்காலி. இதைச் சொன்னால் இவருக்கு ஏன் இவ்வளவு கோபம்?

வரைபடப்பிரியன்:
தவறான நாற்காலி என்றால் உட்கார வைத்தவர்களைத் திட்டுங்கள் ஐயா. இந்த இழையில் பேரரசரை இதுவரை ஒருவர் கூடத் தொடவில்லை, கவனித்தீர்களா?

கறார்பேர்வழி:
முதலில் மொலினாரி, அப்புறம் க்ரென்வில், அப்புறம் ஆல்பிரெக்ட், இப்போது பேரரசர். அடுத்து மழை மேல் போடுவீர்கள். இரண்டு லட்சம் பேரின் தளபதி தன் பக்கவாட்டில் யார் நிற்கிறார்கள் என்று காலை எட்டிலிருந்து மூன்று வரை ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்கவில்லை. நம்பகமான ஒரு அதிகாரியை மஸ்லோவெட்டில் நிறுத்தி வைத்திருந்தால் போதும். செய்தாரா?

வரைபடப்பிரியன்:
அதற்குத்தான் பணி அதிகாரிகள் என்று ஒரு கூட்டம் இருந்தது. க்ரிஸ்மானிச்சை மாற்றச் சொல்லி வியன்னாவிலிருந்து உத்தரவு வந்து, அவர் இடத்துக்கு பவும்கார்ட்டன் வருகிறார், அதுவும் சண்டைக்குச் சற்று முன்னால். மாற்றப்பட்ட ஆள் அன்று காலையும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறார். மஸ்லோவெட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டியது இந்த இரண்டு பேரில் யார் என்று நீங்களே சொல்லுங்கள். 2-வது படையணியின் தூன் மேட்டர் இன்னும் பாக்கி இருக்கிறது. திரும்பி வரச் சொன்னால் அவர் ஆற்றைத் தாண்டியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு அதை எழுதுகிறேன். அதற்குள் அப்பியானோ பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள்.

கறார்பேர்வழி:
படித்தேன். சரிவுக்குப் பின்னால் ஒதுங்கிய பிரிகேடை ஊருக்குள் போ என்று சொல்ல வேண்டியவரும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். தூனைப் பற்றி எழுதுங்கள், அங்கேயும் வருகிறேன்.